பச்சைப் பிள்ளையும் பசுமை வாழ்க்கையும்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் பஸ் ஏறினால் வழியில் வருகிற ஊர் இண்டூர். ஒகேனக்கல்லுக்கு எண்ணெய்க் குளியலுக்கும் மீன் வறுவலுக்கும் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறந்துபோகிற ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம், புளிய மரம், மாந்தோப்பு. மழை கை கொடுத்தால் ராகி, சாமை. கை கொடுக்காவிட்டால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகிற ஆட்கள்.

இந்தப் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு வயசுக் குழந்தை எப்படி வளர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கிறது. பழைய சேலையில் கட்டிய தூளியில் தூங்குகிறது. டயப்பர் இல்லை, கிழிந்த வேட்டித் துணிதான். முளைகட்டி அரைத்த ராகியில் கூழ். விளையாட மண்ணும் புளியங்கொட்டையும். வீட்டைச் சுற்றி மரம், ஆடு, கோழி. பிளாஸ்டிக் பொம்மை வாங்கக் காசு இல்லாததால் பிளாஸ்டிக் பொம்மையும் இல்லை!

சென்னையிலும் பெங்களூரிலும் "ஆரோக்கியமான, பசுமையான குழந்தை வளர்ப்பு" என்ற பெயரில் புத்தகம் போட்டும், வகுப்பு நடத்தியும், பிரவுன் பேப்பர் பையில் ராகி மாவு விற்றும் சொல்லிக் கொடுக்கப்படுவது கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் உண்மை என்றால் தர்மபுரி மாவட்டத்துக் குழந்தைகள் தமிழ்நாட்டிலேயே ஆரோக்கியமான குழந்தைகளாக இருக்க வேண்டும்.

மாவட்டத்தின் கிராமத்துப் பள்ளி ஒன்றில் பத்து வயசுப் பையனைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும். பல பிள்ளைகளுக்கு முன்பல்லில் காவி நிறத்தில் கறை. தேய்த்தால் போகாது. வேப்பங்குச்சியாலும் போகாது, பேஸ்டாலும் போகாது. பல் தேய்க்காத பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது பெண் பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுவார்கள். இது அழுக்கு அல்ல, புளோரோசிஸ். காரணம் தண்ணீர்.

கலப்படத் தண்ணீரா என்றால், அதுவும் இல்லை. எந்தத் தொழிற்சாலையும் கழிவை விடவில்லை, எந்தக் கம்பெனியும் மருந்து கலக்கவில்லை. நிலத்துக்குள் இருக்கும் பாறையிலிருந்து தானாகக் கரைந்து வருகிறது புளோரைடு. இயற்கை என்றால் இதைவிட இயற்கையான பொருள் எது?

பசுமை வாழ்க்கைப் பிரச்சாரம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். "இயற்கையானது நல்லது, செயற்கையானது கெட்டது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை வளர்க்க முடியாது. குறிப்பாக இண்டூர்ப் பக்கம் முடியவே முடியாது.

கொஞ்சம் விஞ்ஞானம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பூமி பழைய கடினப்பாறைப் பூமி. அந்தப் பாறைகளில் புளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு காலம் பாறை இடுக்கில் கிடக்கிறதோ அவ்வளவு கரைத்துக்கொண்டு வரும். முப்பது அடி, நாற்பது அடிக் கிணற்றில் இறைத்துக் குடித்த காலம் போய், நிலத்தடி நீர் இறங்க இறங்க ஐந்நூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டார்கள். ஆழம் போகப் போகப் பெரும்பாலும் புளோரைடும் கூடுகிறது. ஊருக்கு ஊர், ஏன் ஒரே ஊரில் போருக்குப் போர் அளவு மாறும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியிலும் வித்தியாசம் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லையும் 1.5 தான். வெயில் ஊரில் மனுஷன் அதிகம் தண்ணீர் குடிக்கிறான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 1.5 கூடத் தாராளம்தான்.

இது புதுச் செய்தியும் இல்லை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் மருத்துவ இதழில் விவரமாகப் பதிவானது 1937-ல், பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலிருந்து. அதற்குப் பிறகு எத்தனை ஐந்தாண்டுத் திட்டங்கள், எத்தனை தலைமுறைப் பற்கள்!

இதில் சின்னக் குழந்தைகளின் கதை தனி. நிரந்தர முன்பற்களின் எனாமல் குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயசுக்குள் ஈறுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பல் வெளியே முளைப்பது ஆறு, ஏழு வயசில். அதாவது சேதம் நடக்கிற காலத்தில் வெளியில் ஒன்றுமே தெரியாது. பால்பல் பளிச்சென்று இருக்கும். அம்மா நிம்மதியாக இருப்பாள். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு பல் முளைக்கும்போதுதான் இரண்டு வயசில் குடித்த தண்ணீரின் கணக்கு வெளியே வரும். அப்போது எந்த வைத்தியமும் அதைப் பழையபடி ஆக்காது. வருஷக்கணக்காக அளவுக்கு மீறிய தண்ணீரையே குடித்தால் பல்லோடு நிற்காமல் எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். நிமிர முடியாத முதுகு, மடக்க முடியாத முழங்கால் என்று நாற்பது வயசில் கிழவராகிப்போனவர்கள் புளோரைடு மாவட்டங்களில் உண்டு.

இப்போது அந்தப் பசுமைப் பட்டியலுக்குத் திரும்பினால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

"குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்." கிருமிக்கு நல்ல யோசனை. புளோரைடுக்கு? கொதித்தால் தண்ணீர் ஆவியாகும், புளோரைடு ஆவியாகாது. சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். அக்கறையான அம்மா கூடுதல் நேரம் கொதிக்க வைத்தால் கூடுதல் கெடுதல். எவ்வளவு கொடுமை பாருங்கள்.

"மண்பானைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது." குளிர்ச்சிக்கு நல்லது, சரி. சாதாரண மண்பானை புளோரைடை நம்பத்தகுந்த அளவில் வடிகட்டாது.

"ராகி கொடுங்கள்." நிச்சயம் கொடுக்கலாம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. கால்சியம் குறைந்த உடம்பில் புளோரைடின் பாதிப்பு அதிகம் என்பதால் இந்த மாவட்டத்துக்கு ராகி வரப்பிரசாதம்தான். ஆனால் களி கிண்டவும் கூழ் காய்ச்சவும் மாவை விடப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் முழுக்கக் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது. மாவு எவ்வளவு ஆர்கானிக்காக இருந்தாலும் உலைநீர் போர் தண்ணீர் என்றால் என்ன பிரயோஜனம்?

புளிக்கும் ஒரு நல்ல பெயர் உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆராய்ச்சியாளர்கள் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்து, சிறுநீர் வழியாக புளோரைடு கூடுதலாக வெளியேறுவதை 2002-ல் வெளியிட்டார்கள். புளிக்குப் பேர் போன தர்மபுரிக்கு இது இனிப்பான செய்தி. ஆனால் உடனே "பாட்டி வைத்தியம் ஜெயித்தது" என்று கொடி பிடிக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாகப் புளிக்குழம்பு சாப்பிட்ட மாவட்டத்தில்தான் இத்தனை காவிப்பல்லும் இருக்கிறது. வாளியில் ஓட்டை இருந்தால் துடைத்துக்கொண்டே இருக்கலாம். ஓட்டையை அடைப்பது வேறு வேலை.

பட்டியலில் உண்மையாகவே ஜெயிக்கிற ஒன்று தாய்ப்பால். தாய் எவ்வளவு புளோரைடு குடித்தாலும் பாலில் மிக மிகக் குறைவாகத்தான் இறங்குகிறது. ஆனால் அதே குழந்தைக்குப் பவுடர் பாலைப் போர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. பிறந்த உடனே சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும், "வெயிலுக்கு நாக்கு வறளும்" என்று மூன்று மாசத்துக் குழந்தைக்குச் சங்கில் தண்ணீர் புகட்டுவதும் பாரம்பரியம்தான். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று அங்கன்வாடியில் சொல்வது பாட்டிகளுக்குப் பிடிக்காது. இந்த விஷயத்தில் அங்கன்வாடி சரி, பாட்டி தப்பு. பாரம்பரியம் என்பதற்காகவே ஒன்று சரியாகிவிடாது.

இந்த மூடநம்பிக்கை படித்தவர்களிடம் இன்னும் மோசம். 2018 ஜூலையில் திருப்பூரில் இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே "இயற்கைப் பிரசவம்" செய்யப் போய் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். அதற்கு முந்தைய வருஷம் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வாட்ஸப்பில் பரவிய புரளிகளைத் தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்துப்பு இன்னொன்று. கடல் உப்பு "கெமிக்கல்", இந்துப்பு "இயற்கை"யாம். அயோடின் சேர்க்காத உப்பு குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது என்றுதான் 2006-ல் சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்கத் தடை வந்தது. நெடுஞ்சாலையில் "விறகடுப்பு மண்பானைச் சமையல்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அந்த விறகடுப்புப் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து ஊதாங்குழல் ஊதியவளைக் கேளுங்கள். புகை குழந்தையின் நுரையீரலுக்குச் செய்வதைக் கேஸ் சிலிண்டர் செய்வதில்லை.

இந்தப் பிரச்சாரத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. பசுமை வேலை என்று சொல்லப்படுகிற எல்லா வேலையும் யார் தலையில்? துணி டயப்பர் துவைப்பது யார்? ராகியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப் போவது யார்? தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நிற்பது யார்? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "நீதான் பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாய்" என்று திட்டு வாங்குவதும் அவளேதான். ஊர் முழுக்கக் கெட்ட தண்ணீரை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை வளர்ப்பது தாயின் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது போலப் பேசுவது அயோக்கியத்தனம். அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் பாறை கேட்காது.

அப்படியானால் யார் கேட்க முடியும்?

இந்த மாவட்டத்துக் குழந்தைகளின் ஆரோக்கியத்துக்காக நடந்த பெரிய காரியம் ஒரு குழாய். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம். 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகாவில் எதிர்ப்பு, தமிழ்நாட்டில் பதில் போராட்டம், சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம், கர்நாடகத் தேர்தல் முடியும்வரை நிறுத்திவைப்பு... பிறகு ஜப்பான் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் வேலை நடந்து 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இரண்டு கட்சியும் இன்றுவரை "எங்கள் திட்டம்" என்கின்றன. சண்டை போட்டுக்கொள்ளட்டும், நல்லது. பெயரிலேயே நோயின் பெயரைச் சுமந்திருக்கும் குடிநீர்த் திட்டம் இது.

காவிரி ஆற்று நீரில் புளோரைடு குறைவு. பம்ப், சிமெண்ட், இரும்புக் குழாய், குளோரின், மின்சாரம் எல்லாம் சேர்ந்த அந்தச் "செயற்கை"யான ஏற்பாடுதான் பாறையின் இயற்கையிலிருந்து குழந்தையின் பல்லைக் காப்பாற்றுகிறது. இந்தப் பகுதிக்குப் பசுமை வாழ்க்கைக்கு ஒரு சின்னம் வேண்டும் என்றால் துளசிச் செடியை விட மேல்நிலைத் தொட்டி பொருத்தமாக இருக்கும்.

குழாய் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. காவிரித் தண்ணீர் போதாத நாளில் அதே தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள் என்ற புகார் மாவட்டத்தில் பலமுறை எழுந்திருக்கிறது. குழாயில் வருவதால் ஒகேனக்கல் தண்ணீர் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுப்பவளுக்கு அது தெரிய வழியில்லை. இந்தச் சந்தேகத்தில்தான் இருபது லிட்டர் கேன் வியாபாரம் வளர்கிறது. ஆர்.ஓ. மெஷின் புளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும், உண்மை. ஆனால் வீட்டு மெஷின்கள் பலவும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகச் சாக்கடையில் விடும். வறட்சி மாவட்டத்தில் இது எந்தக் கணக்கு? காசு உள்ள வீட்டுக் குழந்தைக்குக் கேன், இல்லாத வீட்டுக் குழந்தைக்குப் பாறை என்று ஒரே தெருவில் இரண்டு விதமான பல் முளைப்பது பசுமையும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை.

மழைத்தண்ணீரைப் பற்றி யாரும் ஏன் பேசுவதில்லை என்பது ஆச்சரியம். மழையில் புளோரைடு கிட்டத்தட்டக் கிடையாது. தர்மபுரியில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 300 சதுர அடிக் கூரையில் அது விழுந்தால், சிந்தியது சிதறியது போக ஏறத்தாழ 19,000 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 9,125 லிட்டர் போதும். கூரையில் விழுவதில் பாதிதான்! 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் பெரும்பாலும் அது பூமிக்குள் இறக்குகிற திட்டமாகத்தான் நடந்தது. நிலத்தடி நீருக்கு அது நல்லது. புளோரைடும் கொஞ்சம் நீர்த்துப்போகும். ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு பகுதியை மூடிய தொட்டியில் பிடித்து, முதல் மழையைத் தள்ளிவிட்டு, வடிகட்டி, கிருமி நீக்கிக் குடிப்பதற்கு வைக்கலாமே? ஜனவரியிலிருந்து மே வரை தாங்க சுமார் 4,000 லிட்டர் தொட்டி வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் கைக்காசில் கட்ட முடியாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அரசு கட்டித் தரலாம். குழந்தைகள் பகலில் குடிக்கிற தண்ணீராவது தப்பிக்கும்.

சாப்பாட்டு விஷயத்திலும் கதை இதேதான். ராகியின் மகிமையைப் பற்றி நகரத்தில் ஆயிரம் பேர் பேசிய பிறகு, 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கார்டுக்கு 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. ஆயிரம் வகுப்புகளால் ஆகாதது ஒரு ரேஷன் கடையால் ஆகும். 2 கிலோ ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ராகி விளையும் ஊரில் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கிறது, அதே ராகி மால்ட் டப்பாவாகி நகரத்துக்குப் போய் என்ன விலைக்கு விற்கிறது என்பது அதைவிட நியாயமான கேள்வி.

பூச்சிமருந்து பிரச்சினையே இல்லையா, பிளாஸ்டிக் நல்லதா என்று யாராவது சண்டைக்கு வரக்கூடும். இரண்டும் பிரச்சினைதான். மாந்தோப்பில் அடிக்கிற மருந்து அங்கே விளையாடுகிற பிள்ளையின் மேலும்தான் படுகிறது. துணி, தூளி, கூழ் எதையும் யாரும் விட வேண்டாம். ஆனால் அவற்றைச் செய்துவிட்டோம், குழந்தைக்கு எல்லாம் செய்தாகிவிட்டது என்ற திருப்தி ஆபத்தானது. "இது இயற்கையா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் பலர் அடுத்த கேள்வியைக் கேட்பதே இல்லை. அடுத்த கேள்வி: ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பெட்டியில் புளோரைடு சோதனையும் உண்டு. இண்டூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே, கடைசியாக எந்தத் தொட்டியை எந்தத் தேதியில் பார்த்தார்கள், எவ்வளவு வந்தது? இதைத் தொட்டியின் மேலேயே பெயிண்டில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? கட்சிக்காரர் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுத இடம் இருக்கும்போது இதற்கு இடம் இல்லாமலா போகும்?

2022-லிருந்து தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை. புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முன்வரிசைக்கு வந்து, தங்கள் தெருத் தொட்டியின் புளோரைடு அளவு என்ன என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். பதில் தெரியாது என்றால், தெரியாது என்பதையே எழுதச் சொல்லலாம்.